வண்டி பளபளக்கிறது, பில் எங்கே?

வீட்டு வாசலுக்கே வந்து காரைக் கழுவி, பாலிஷ் போட்டு, செராமிக் கோட்டிங்கும் அடித்துத் தரும் ஆட்கள் இப்போது சின்ன ஊர்களில்கூட இருக்கிறார்கள். வேலை முடிந்த அன்று மாலை வண்டியைப் பார்த்தால் கொடுத்த காசு தகும் என்றுதான் தோன்றும். நாலைந்து முறை கழுவியதும் பாலிஷில் கலந்திருந்த நிரப்புப் பொருள் கரைந்து போகிறது. வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். கதவு விளிம்பில் மங்கிய திட்டு. உடனே போனில் சண்டை, இணையத்தில் திட்டி ஒரு மதிப்புரை, அடுத்த வாரமே வேறொரு கடையில் மறுபடி பாலிஷ். பலரும் இந்த வரிசையில்தான் போகிறார்கள். முதல் இரண்டால் பணம் திரும்பாது. மூன்றாவது, பணம் திரும்பும் வழியையே அடைத்துவிடும். சட்டம் கார் உரிமையாளர் பக்கம்தான் இருக்கிறது; அவர் கையில் காகிதம்தான் இருப்பதில்லை.

இந்த நஷ்டத்தை அற்பமாக எண்ணுவதற்குக் காரணம், பெயிண்ட் எவ்வளவு மெல்லியது என்று தெரியாததுதான். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் சுமார் 40 முதல் 50 மைக்ரான், தலைமுடியைவிட மெலிது. பஃபிங் மெஷின் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சத்தைத் தேய்த்து எடுத்துத்தான் கீறலை மறைக்கிறது. பழக்கமில்லாத கை ஒரே இடத்தில் மெஷினை அழுத்திப் பிடித்தால், சூட்டில் அந்த இடம் கருகும். விளிம்புகள் முதலில் போகும். போன கிளியர் கோட்டை எந்தக் கோட்டிங்கும் திரும்பக் கொண்டுவராது, மறு பெயிண்ட்தான் வழி. வீட்டில் நாமே கழுவும்போதும் இதே கணக்குத்தான். காலையில் உலர்ந்த துணியால் தூசியைத் துடைப்பது, ஒரே வாளித் தண்ணீரில் டயரையும் கூரையையும் தேய்ப்பது, பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றுவது, உப்பு நிறைந்த போர் தண்ணீரை வெயிலில் காயவிடுவது எல்லாம் பெயிண்ட்டைக் கெடுக்கும். முதலில் வெறும் தண்ணீரால் தூசியை இறக்குங்கள். ஷாம்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி வையுங்கள். நிழலில், மேலிருந்து கீழாகக் கழுவி உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். நம் கையால் வந்த கீறலுக்கு யாரிடமும் ஈடு கேட்க முடியாது. காசு வாங்கிக்கொண்டு செய்தவர் கையால் வந்ததற்குக் கேட்கலாம்.

கேட்பதற்கு முதல் தேவை பில். கார்டு என்று ஒன்று நீட்டுவார்கள், 'ஐந்து வருட வாரண்டி' என்று தங்க எழுத்தில் இருக்கும். அது பில் ஆகாது. செய்தவர் பெயர், முகவரி, தேதி, வண்டி எண், என்ன வேலை, எந்தப் பொருள், எவ்வளவு தொகை இவை ஒரே தாளில் கையெழுத்துடன் இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அது 15 இலக்கம், தமிழ்நாட்டில் பதிவானது 33 என்று தொடங்கும், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். 'கீறலே விழாது' என்று வாயால் சொன்னால், அதையும் அந்தத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத மாட்டார்கள், அதிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது. வேலை தொடங்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள். பணத்தை யு.பி.ஐ. வழியே கொடுங்கள். பில் இல்லாமல் மெஷினை ஆன் செய்யவே விடாதீர்கள்.

பில் கேட்டால் 18 சதவீத வரி கூடும் என்பார்கள். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் சேவை வருமானம் உள்ளவருக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவே கட்டாயமில்லை, அவர் வரி சேர்க்காமல் சாதாரண ரசீது தரலாம். பதிவு செய்தவர் என்றால் வரியோடு பில் தருவது அவர் கடமை. எப்படிப் பார்த்தாலும், செய்த சேவைக்கு ரசீது தராமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. பாவம், வண்டியில் மெஷினைக் கட்டிக்கொண்டு அலைபவர், அவரைப் போய் வழக்கு, கிழக்கு என்று இழுப்பதா என்று கேட்பவர்களும் உண்டு. அந்த இரக்கம் நியாயமானது. ஆனால் ரசீது அவருக்கும் காவல்தான். வேலைக்கு முன்பே இருந்த கீறலுக்கு அவர் பழி சுமக்க வேண்டியதில்லை. 'உரிமையாளர் பொறுப்பில்' என்று எழுதி வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்பும் கடைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: டெல்லி விடுதி ஒன்றில் ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில், அப்படி ஒரு வாசகத்தை வைத்துத் தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சேதம் தெரிந்த பிறகு வண்டியில் கை வைக்காதீர்கள். மறு பாலிஷ் வேண்டவே வேண்டாம். கிளியர் கோட் இன்னும் தேயும், சாட்சியமும் அதோடு போகும். நேராக உங்கள் கார் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தின் பெயிண்ட் பிரிவுக்குப் போய், பெயிண்ட் தடிமன் அளவு, சேதத்தின் காரணம், மறு பெயிண்ட் செலவு மதிப்பீடு ஆகியவற்றை முத்திரையுடன் எழுதி வாங்குங்கள். பிறகு சேவை செய்தவருக்கு, என்ன நடந்தது, எவ்வளவு வேண்டும், 15 நாளில் பதில் தேவை என்று ஒரு பக்கக் கடிதம். விரைவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். ஆனால் அங்கே கொடுப்பது புகார் மட்டுமே, வழக்கு அல்ல. அவர்கள் எதிர்த்தரப்புக்கு அனுப்பிச் சமரசம் பேசலாம், உத்தரவிட முடியாது. 1915-ல் பதிந்தாயிற்று என்று வருடக்கணக்கில் சும்மா இருப்பவர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உத்தரவு வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்தான். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்; நேரில் முடியாவிட்டால் இ-ஜாக்ரிதி இணையதளம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. சொந்தமாக ஓட்டிப் பிழைக்கும் டாக்ஸிக்காரரும் நுகர்வோர்தான். மனு, பிரமாணப் பத்திரம், பில், பணம் போனதற்கான ஆதாரம், ஆர்.சி. நகல், சர்வீஸ் மையத்தின் அறிக்கை, கடிதமும் தபால் ரசீதும், படங்கள் இவ்வளவும் வையுங்கள். படங்களுக்கும் வாட்ஸ்அப் உரையாடலுக்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழை இணைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும்போது விழிப்பவர்கள் அதிகம். எதிர்த்தரப்பு 30 நாளில், மிஞ்சினால் 45 நாளில் பதில் தர வேண்டும். மூன்று மாதத்தில், ஆய்வு தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். தலைவர், உறுப்பினர் நாற்காலிகளைக் காலியாக விட்டுவிட்டு இந்தக் கெடுவைச் சட்டப் புத்தகத்தில் மட்டும் வைத்திருக்கும் அரசுகள் இதற்கு வெட்கப்பட வேண்டும். அதற்காக நாம் தாக்கல் செய்யாமல் இருந்தால் லாபம் அவர்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை.

தாக்கல் செய்ய இரண்டு ஆண்டுதான் அவகாசம். 'அடுத்த வாரம் வந்து சரி பண்ணித் தரேன் சார்' என்று வரும் வாட்ஸ்அப் செய்திகள் அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது; தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் ஆணையம் மன்னிக்கலாம், மன்னித்தே ஆக வேண்டும் என்றில்லை. சேதத்தைப் பார்த்த தேதியை இன்றே பில்லின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.