நீருக்கடியில் – 9: குமிழி சாகாமல் துவைப்பது எப்படி?

மூச்சுக்குழாய், முகமூடி சங்கதிகள் முடிந்தன. இந்த வாரம் முக்குளிப்பவர்கள் அணியும் வெட்சூட்டைத் துவைப்பது, ஜிப்பைப் பராமரிப்பது, கிழிசல் ஒட்டுவது என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ஒரு குமிழி என்னைப் பிடித்துக்கொண்டது.

தண்ணீர், உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உறிஞ்சிவிடும். ஆகவே உடம்பு நனையாமலிருந்தால்தான் குளிராது என்றே பலரும் நம்பியிருந்தார்கள். 1951-இல் அந்த நம்பிக்கையைப் புரட்டிப்போட்டவர் ஹ்யூ பிராட்னர். கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியலாளர். அதற்கு முன் லாஸ் அலமோஸில் அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்தவர். நனைந்தால் நனையட்டும், உடையின் சதைக்குள்ளேயே காற்று சிறைப்பட்டிருந்தால் போதும் என்றார். நியோப்ரீன் நுரையைப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொன்னவர் வில்லார்ட் பாஸ்கம். 1930-இல் டூபான்ட் ஆய்வகத்தில் பிறந்த செயற்கை ரப்பர் அது. நுரையாக்கினால் உள்ளே எண்ணற்ற குமிழிகள். ஒவ்வொன்றும் தனித்தனியே மூடிய அறை. ஒரு அறையிலிருந்து அடுத்ததற்குத் தண்ணீர் போக வழியில்லை. குளிரைத் தடுப்பது இந்தக் குமிழிகள்தான். அவை முக்குளிப்பவரை எதிரியின் சோனாரில் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று அமெரிக்கக் கடற்படைகூடத் தயங்கியதாம்!

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகிறது. குமிழிகள் சுருங்கி, உடை மெலிகிறது. மேலே வந்ததும் மீண்டும் உப்புகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே நசுங்கி நசுங்கி, ஒரு கட்டத்தில் பழைய தடிமனுக்குத் திரும்பாமல் போய்விடுகிறது. கடல் செய்யும் இந்தச் சேதத்தைத் தடுக்க முடியாது. கரையில் நாம் செய்யும் சேதத்தைத் தடுக்கலாம்.

கரையேறியதும் நல்ல தண்ணீரில் முக்கி ஊறவிடுங்கள். உப்பு காய்ந்துவிட்டால் ஜிப்பின் பல்லிடுக்கில் வெள்ளை வெள்ளையாய்ப் படிந்து இறுகிவிடும், ரன்னர் அசையாது. உள்பக்கத்தைப் புரட்டி அலசுங்கள். வியர்வையும் சிறுநீரும் தங்குவது அங்கேதான். குளிர்நீரில் சிறுநீர் முட்டுவது இயல்பு. உடைக்குள்ளேயே போய்விடுகிறவர்கள் உண்டு, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாற்றம் போக வெட்சூட்டுக்கென்றே விற்கும் ஷாம்பூ போதும். வெந்நீர், பிளீச்சிங், வாஷிங் மெஷின் மூன்றும் ஆகாது. முறுக்கிப் பிழியவும் கூடாது. தண்ணீர் தானாக வடியட்டும்.

காய்வது நிழலில், உள்பக்கம் முதலில். வெயிலின் புற ஊதாக் கதிர் ரப்பரை இறுக்கி வெடிக்க வைக்கும். புதுச்சேரியில் முக்குளித்துவிட்டு வருகிறவர்கள், ஈர உடையைக் கார் டிக்கியில் அடைத்து வேகவிடாதீர்கள். கம்பி ஹேங்கரும் வேண்டாம். ஈரக் கனம் முழுவதும் தோளில் இறங்கி அந்த இடத்துக் குமிழிகளை நசுக்கும். தடித்த கழியில் இடுப்பில் மடித்துப் போடுங்கள். பரணில் மூட்டைகளுக்கடியில் மடித்து வைத்த உடையை விரித்துப் பார்த்தால், மடிப்பு இருந்த இடத்தில் கோடு நிற்கும். அங்கே குமிழிகள் செத்துவிட்டன என்று அர்த்தம்.

ஜிப்புக்கு மெழுகு, கிழிசலுக்குப் பசை இரண்டும் அடுத்த வாரம். அதுவரை யாரும் ஊசி நூலைத் தொட வேண்டாம். நல்ல உடைகளில் முதலில் பசை போட்டு ஒட்டி, பிறகு பாதித் தடிமன் வரைதான் ஊசியை இறக்குவார்கள். மறுபக்கம் வரை துளைத்தால் ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் புகும்.