சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் இஞ்சினை நிறுத்துங்கள்



சென்ற மாதம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிளைக் கூட்டம் முடிந்து நாம் புறப்படும் நேரம். பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே நமக்குத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர் ஓடி வந்தார். "அண்ணே, நம்ம காடி போச்சு. பட்டறையில இஞ்சின் முடிஞ்சிருச்சின்னு சொல்றான். ஓவர்ஹாலுக்கு மூவாயிரம் வெள்ளி கேக்கிறான்" என்றார்.

காடி ஒரு பழைய புரோட்டோன் சாகா. 1985 ஜூலையில் முதல் சாகா வெளிவந்தபோது இருந்த அதே மிட்சுபிஷி வகை 1.3 லிட்டர் இஞ்சின். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அந்தக் கணக்கில் மூவாயிரம் என்பது ஏறக்குறைய இரண்டு மாத உழைப்பு. அவர் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தோட்டத்துக்கு பஸ் கிடையாது. காடி நின்றால் அந்த வீடே நின்றுவிடும்.

"யாராச்சும் மீட்டர் வச்சுப் பார்த்தாங்களா தம்பி?" என்று கேட்டோம்.

"மீட்டரா? சிவப்பு வெளக்கு எரியுது, எண்ணெயும் ஒழுகுதுன்னு சொன்னேன். ஒடனே ஓவர்ஹால்னுட்டான்."

இதே கதையை நாம் பல லயங்களில் கேட்டிருக்கிறோம். ஆகவே இவ்வாரம் சம்பளப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, மின்யாக் ஹித்தாம் என்று நாம் சொல்லும் இஞ்சின் எண்ணெயைப் பற்றிப் பேசுவோம்.

காடியின் முகப்பில் எண்ணெய்க் குப்பி போல ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதல்லவா? அது எண்ணெயின் அளவைக் காட்டும் விளக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டுகிறது. இஞ்சினுக்கு அடியில் இருக்கும் சட்டியிலிருந்து எண்ணெயை ஒரு பம்பு உறிஞ்சி, வடிகட்டி வழியாக பேரிங்குகளுக்கும் மேலே கேம்ஷாப்டுக்கும் தள்ளுகிறது. இரும்போடு இரும்பு உரசாமல் காப்பது அந்த எண்ணெய்ப் படலம்தான். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு நாலைந்து பவுண்டுக்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலான காடிகளில் விளக்கு எரியும். விளக்கு உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அழுத்தம் அநேகமாக ஒன்றுமில்லை என்றே அர்த்தம். "இன்னும் ரெண்டு மைல்தானே, மெதுவா உருட்டிட்டுப் போயிடலாம்" என்று போய்த்தான் நல்ல இஞ்சின்கள் கெடுகின்றன. ஓரமாக நிறுத்துங்கள். சாவியைத் திருப்பி அணையுங்கள்.

காலையில் சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிய வேண்டும். இஞ்சின் ஓடத் தொடங்கிய சில விநாடிகளில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கலாம், ஒயர் கழன்றிருக்கலாம். அதை நல்ல சகுனம் என்று எண்ணிவிடாதீர்கள்.

நிறுத்திய பிறகு ஐந்து நிமிடம் பொறுத்து, சமதரையில் அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். வளைவில் திரும்பும்போது மட்டும் விளக்கு மின்னினால், எண்ணெய் குறைந்து ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அளவோடு நிறத்தையும் பாருங்கள். தே தாரேக் மாதிரி கலங்கியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, காடியை ஓட்டாதீர்கள். பெட்ரோல் வாடை அடித்தால் எண்ணெய் நீர்த்துப் போயிருக்கும். கார்புரேட்டர் வைத்த பழைய காடிகளில் பெட்ரோல் பம்பின் சவ்வு கிழிந்தாலும் அப்படி ஆவதுண்டு.

அளவும் சரி, நிறமும் சரி, ஆனாலும் விளக்கு எரிகிறதா? அடுத்துச் செய்ய வேண்டியது மீட்டர் சோதனை. பெரும்பாலும் எண்ணெய் வடிகட்டிக்குப் பக்கத்தில், ஒற்றை ஒயர் மாட்டிய கட்டைவிரல் அளவு சுவிட்ச் ஒன்று இருக்கும். அதைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்த மீட்டரைப் பூட்டி, இஞ்சினை நன்றாகச் சூடாக்கிப் பார்க்க வேண்டும். ஆயிரம் சுற்றுக்குப் பத்து பவுண்டு என்பது பழைய மெக்கானிக்குகளின் கைக்கணக்கு. சரியான எண் அந்தந்த இஞ்சினின் கைப்புத்தகத்தில் இருக்கும். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. இதைச் செய்யாமல் இஞ்சினைப் பிரிக்கச் சொல்பவரிடம் காடியை விடாதீர்கள். "மொதல்ல மீட்டர் வச்சுக் காட்டுங்க, அப்புறம் பேசலாம்" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

மீட்டரும் குறைவாகவே காட்டினால் நோய் உள்ளேதான். பேரிங் தேய்ந்திருக்கலாம், பம்பு தேய்ந்திருக்கலாம். நம் தோட்டத்துக் காடிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. செம்மண் சாலையில் துருத்தி நிற்கும் கல் சட்டியில் இடித்து உள்ளே நசுக்கிவிட்டால், எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாய் அடைபடும். எனவே குனிந்து சட்டியில் நசுங்கல் இருக்கிறதா என்று பாருங்கள். சட்டியைக் கழற்றி நிமிர்த்தி, வலையைக் கழுவினால் தீரக்கூடிய நோய் இது. கெட்டி எண்ணெய் ஊற்றினால் விளக்கு அணையும் என்று சிலர் சொல்வார்கள். அணையலாம், ஆனால் தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

ஒழுகலுக்கு வருவோம். ஒழுகலும் அழுத்தக் குறைவும் ஒன்றல்ல. அளவு குறையாதவரை, சொட்டுச் சொட்டாக ஒழுகும் இஞ்சினிலும் அழுத்தம் சரியாகவே இருக்கும். ஒழுகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறாக இருப்பதுதான் இதில் தொல்லை. எண்ணெய் கீழே வழியும். ஓடும் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். ஆறிய இஞ்சினை நன்றாகத் துடைத்துவிட்டு, சந்தேகப்படும் இடத்தில் குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி வந்து பார்த்தால் எண்ணெய் வந்த வழி கோடாகத் தெரியும். ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம்தான் உங்கள் ஆள்.

அநேகமாக வால்வு மூடியின் ரப்பர் கேஸ்கெட்தான் முதலில் காய்ந்து போகும். அதை மாற்றுவது எளிது, ஆனால் போல்ட்டை வெறியோடு முறுக்காதீர்கள்; மூடி வளைந்தால் இன்னும் ஒழுகும். சூடான புகைக்குழாயில் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கலாம், அதைத் தள்ளிப் போடக் கூடாது. டைமிங் பெல்ட் பக்கத்து சீல் கசிந்து பெல்ட் எண்ணெயில் ஊறினால் பெல்ட் சீக்கிரம் கெடும். இரண்டையும் ஒரே வேலையாக மாற்றுவது சிக்கனம். வடிகட்டி மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் இஞ்சினில் ஒட்டிக்கொண்டு நிற்க, அதன் மேலேயே புதியதை முறுக்கிவிடுவதும் உண்டு. நமது காடியிலேயே ஒருமுறை அப்படி நடந்து, நடுவழியில் எண்ணெயெல்லாம் சாலையில் கொட்டிவிட்டது! இஞ்சின் மூச்சு விடும் பிசிவி வால்வு அடைத்துக்கொண்டாலும் உள்ளழுத்தம் ஏறி நல்ல சீல்கள் கூடக் கசியும். அதைக் கழற்றிக் குலுக்கினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும்.

காடிக்கு அடியில் போவதானால் ஜேக்கை மட்டும் நம்பி ஒருபோதும் போகாதீர்கள். தோட்டத்து மண் இளகும், ஜேக் சாயும்.

நம்ம தம்பி காடிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பக்கத்துப் பட்டணத்தில் வேறொரு மெக்கானிக் மீட்டர் வைத்துப் பார்த்தார். அழுத்தத்தில் குறையே இல்லை. கெட்டுப் போனது சுவிட்ச். பொய்யாக விளக்கை எரிய விட்டதும் அதுதான், தன் வழியே எண்ணெயைக் கசிய விட்டதும் அதுதான். புதிய சுவிட்ச் முப்பது வெள்ளிக்குள் முடிந்தது. இஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் மட்டும் ராத்திரிக்கு ஒரு சொட்டு இன்னும் விழுகிறது. அந்தப் பின்பக்க சீலை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலி அதிகம். "இப்ப வேணாம், அளவ மட்டும் வாராவாரம் பாரு" என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். நமக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இரவில் காடிக்கு அடியில் ரொட்டிப் பெட்டி அட்டை ஒன்றை விரித்து வைக்கிறார். காலையில் அவர் மகள் சொட்டுகளை எண்ணி காலண்டரில் எழுதி வைக்கிறாள்.