சொல்லின் நீளமும் கருவியின் எல்லையும்

தமிழில் ‘தீ’ என்னும் ஓரெழுத்தும் ஒரு சொல்லே. அத்தகைய ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்பது நன்னூலார் கணக்கு. கணினியியலில் சொல்லுக்கு இந்த உரிமை இல்லை. ஒரு கருவி ஒரே முறையில் கையாளும் பிட்டுகளின் தொகுதியே அங்குச் சொல் எனப்படுகிறது. அதன் நீளத்தைக் கருவியின் அமைப்பே வரையறுக்கிறது. சொல் நீளம் வேறுபடும் இரு கருவிகளை இணைக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

நுண்கட்டுப்படுத்தியோடு உணரி, காட்சித்திரை, நினைவகம் ஆகியவற்றை இணைக்கப் பெரிதும் பயன்படும் தொடர்பாட்டைகளுள் ஒன்று எஸ்.பி.ஐ. ஆகும். 1980களில் மோட்டோரோலா நிறுவனம் இதனை உருவாக்கியது. கடிகாரத் துடிப்புக்கு ஒன்று, தரவு செல்லவும் வரவும் இரண்டு, சாதனத்தைத் தேர்ந்தெடுக்க ஒன்று என நான்கு கம்பிகள் இதில் உண்டு. துடிப்பு ஒன்றுக்கு ஒரு பிட் நகரும். ஆனால், ஒரு சொல்லுக்கு எத்தனை பிட் என்று இம்முறை விதிப்பதில்லை; அது அந்தந்தச் சாதனத்தின் விருப்பம்.

ஆர்டுயினோ யூனோ பலகையிலுள்ள ஏட்மெகா 328பி சில்லின் எஸ்.பி.ஐ. தரவுப் பதிவகம் 8 பிட் மட்டுமே கொண்டது. வெப்ப மின்னிரட்டையின் அளவைத் தரும் மேக்ஸ் 6675 சில்லோ 16 பிட் சொல்லாகப் பேசுகிறது. அதனுள் 12 பிட்டுகள் வெப்பநிலையைக் குறிக்கும். அவற்றுக்குப் பின்னே மூன்று பிட்டுகள் வேறு பணிக்கு உரியவை. எனவே, அச்சொல்லை இரண்டு பைட்டுகளாகப் பெற்று இணைக்க வேண்டும். முதல் பைட் 12, இரண்டாம் பைட் 128 எனக் கொள்வோம். 12ஐ 256ஆல் பெருக்கி 128ஐக் கூட்டினால் 3200. கடைசி மூன்று பிட்டுகளை நீக்க 8ஆல் வகுத்தால் 400. ஓர் அலகு கால் பாகை ஆதலால், வெப்பநிலை 100 பாகை செல்சியஸ்.

இரண்டு பைட்டுகளும் வந்து முடியும்வரை தேர்வுக்கம்பி தாழ்நிலையிலேயே இருத்தல் வேண்டும். புதிதாக நிரல் எழுதுவோர் ஒவ்வொரு பைட்டுக்கும் அதனை உயர்த்தித் தாழ்த்திவிடுவதுண்டு. அவ்வாறு செய்தால், சில்லு சொல்லை முதலிலிருந்து தொடங்கும். முதல் பைட்டே மறுபடியும் வரும். மேற்கண்ட கணக்கில் விடை 96.25 பாகை ஆகிவிடும். நம்பத்தக்க எண்ணாக இருப்பதே இப்பிழையின் கொடுமை. உண்மையில் 96 முதல் 103.75 வரை எந்த வெப்பநிலையிலும் அதே 96.25தான் தோன்றும். நூறு பாகையில் நிற்குமாறு அமைக்கப்பட்ட சூடாக்கி, 104 பாகையை எட்டும்வரை நிற்காது.

எஸ்.டி.எம். 32 குடும்பத்தின் எஃப்3 வரிசைச் சில்லுகளில் சொல் நீளத்தை 4 முதல் 16 பிட் வரை நிரலர் விரும்பியவாறு அமைக்கலாம். 8 பிட் மட்டுமே அறிந்த சில்லுக்கு, 9 பிட் கேட்கும் காட்சித்திரைகளே பெருந்தொல்லை. ஒன்பது என்பது எட்டில் அடங்காது. பதினாறாக நிரப்பி அனுப்பினாலோ மிகுதியான ஏழு பிட்டுகளைத் திரை அடுத்த சொல்லின் தொடக்கமாகக் கொள்ளக்கூடும். எட்டுச் சொற்களை ஒருங்கே சேர்த்தால் 72 பிட். அது சரியாக ஒன்பது பைட். அவ்வாறு சேர்க்க இயலாதபோது, கம்பிகளை நிரலே ஒவ்வொரு பிட்டுக்கும் உயர்த்தித் தாழ்த்தி அனுப்புகிறது. வேகம் குறையும், எனினும் எந்த நீளமும் அதற்குத் தடையன்று.