எந்தப் படியால் அளந்தார்கள்?

2024 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மனச்சிதைவு நோய்க்கான ஸனோமெலின்-ட்ரோஸ்பியம் என்ற கூட்டு மருந்துக்கு அனுமதி தந்தது. 1950களில் வந்த குளோர்புரோமசின் தொடங்கி அதுவரை புழங்கிய மருந்துகள் மூளையில் டோபமைனின் வேலையை மட்டுப்படுத்திப் பலன் தந்தவை. இந்தப் புதிய மருந்தோ மஸ்கரினிக் என்ற வேறு ஏற்பிகள் வழியாக வேலை செய்கிறது. செய்தி பெரியதுதான். ஆனால் 'புரட்சி' என்று தலைப்பைப் படித்துவிட்டு, மகனுக்கு இது பலிக்குமா என்று இரவெல்லாம் கைப்பேசியில் தேடும் அம்மாவுக்கு அந்தச் சொல்லால் ஒரு பயனும் இல்லை. அவருக்கு வேண்டியது ஆய்வறிக்கைக்குள் இருக்கிறது.

இந்த மருந்தைப் பற்றி லான்செட் இதழில் வெளியான ஆய்வு ஒன்றில் 252 பேர், ஐந்தே வாரம். மருந்து எடுத்தவர்களுக்கு நோயின் தீவிரம் 21.2 புள்ளி குறைந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் 11.6 குறைந்தது. ஆக, மருந்தின் பங்கு 9.6. ஆண்டுக்கணக்கில் உடன் வரும் நோய்க்கு ஐந்து வாரம் மிகச் சிறிய காலம்.

இந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது? மனச்சிதைவுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளியோடு பேசி, பிரமை, சந்தேகம், உணர்ச்சி மங்குதல் என்று 30 அம்சங்கள் ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுகிறார். 1987இல் வெளியான 'பான்ஸ்' என்ற இந்த அளவுகோலை உலகமே அறியும். எல்லா ஆய்வும் இப்படிப் பொது அளவுகோலைக் கையில் எடுப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

பென் தார்ன்லியும் கிளைவ் ஆடம்ஸும் ஐம்பதாண்டுக் காலத்தின் 2000 மனச்சிதைவு ஆய்வுகளைப் புரட்டி 1998இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஓர் ஆய்வில் 65 பேர். பயன்பட்ட அளவுகோல்கள் 640. அவற்றில் 369 ஒரே ஒரு முறை மட்டும் எட்டிப்பார்த்தவை! சந்தையில் ஒவ்வொரு வியாபாரியும் தானே செய்த படியோடு உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் படியின் அடி உள்ளே மேடிட்டிருக்கும். இன்னொருவர் வாங்கும்போது குவித்து அளப்பார், விற்கும்போது தலை தட்டுவார். முத்திரை ஆய்வாளர் வருவதற்குள் படியே மாறியிருக்கும்.

அந்த முத்திரை இல்லாத படிகளை 2000ஆம் ஆண்டில் மார்ஷலும் சகாக்களும் சோதித்தார்கள். எந்த இதழிலும் வெளியாகாத அளவுகோலைக் கொண்டு அளந்த ஆய்வுகள், சிகிச்சை வென்றது என்று சொல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 37 சதவீதம் கூடுதல். யாரும் பார்க்காத அளவுகோலில், முடிவு தெரிந்த பிறகு பொருந்தாத கேள்விகளைக் கழற்றிவிடலாம். கழற்றியது வெளியே தெரியாது. இதற்கு மோசடி எண்ணம்கூடத் தேவையில்லை, தன் சிகிச்சை மேல் ஆசை இருந்தாலே போதும்.

ஆசையோடு பணமும் சேர்ந்தால்? மனச்சிதைவுக்கு அன்று புதிதாக இருந்த மருந்துகளை ஒன்றோடொன்று மோதவிட்ட, நிறுவனங்கள் செலவு செய்த ஆய்வுகளை ஸ்டீபன் ஹேரஸ் குழு 2006இல் ஆராய்ந்தது. 90 சதவீதத்தில் பணம் கொடுத்தவரின் மருந்தே வென்றிருந்தது. ஓலன்ஸபின் ரிஸ்பெரிடோனை வெல்லும், ரிஸ்பெரிடோன் குவெடியபினை வெல்லும், குவெடியபின் ஓலன்ஸபினை வெல்லும். மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது.

இப்படி ஒன்றோடொன்று முரண்படும் தனி ஆய்வுகளை நம்பி முடிவெடுக்க முடியாது. சிதறிய ஆய்வுகளைத் திரட்டி எடைபோட 1993இல் காக்ரேன் அமைப்பு பிறந்தது.

ஆகவே தேடுபவர் காக்ரேன் தொகுப்பாய்வுகளில் தொடங்குவது நல்லது. சாதாரண நடையில் எழுதிய சுருக்கமும் அவற்றோடு இருக்கும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் தளத்தில் கட்டுரைச் சுருக்கங்கள் இலவசம். அங்கே கிடைக்கும் ஒற்றை ஆய்வை பதிவேட்டில் உள்ள அதன் பதிவோடு ஒப்பிட வேண்டும். இந்தியாவுக்கு 2007 முதல் மருத்துவ ஆய்வுப் பதிவேடு உண்டு. எதை, எந்த அளவுகோலால் அளப்போம் என்று முன்கூட்டி எழுதித் தந்ததும் கட்டுரையில் வந்ததும் ஒன்றுதானா என்று பார்த்தால், படி நடுவில் மாறியதா என்பது தெரிந்துவிடும்.

கால அளவையும் பார்க்க வேண்டும். நோய் முதன்முதலில் தாக்கிய 90 பேரைச் சென்னையில் 1980களின் தொடக்கத்தில் சேர்த்து, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அவர்களின் இருபதாண்டுப் போக்கை டாக்டர் ஆர். தாரா 2004இல் வெளியிட்டார். 'இனி என்ன ஆகும்' என்று கேட்கும் குடும்பம் ஐந்து வார ஆய்வுக்கு முன்பே படிக்க வேண்டியது, பப்மெட்டில் கிடைக்கும் இந்த 'மெட்ராஸ் லாங்கிட்யூடினல் ஸ்டடி' கட்டுரைகளைத்தான்.