கூட வந்தவர்கள் 38 பேர்

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில், மலர்க் குழுவைச் சேர்ந்த சகோதரி ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "பார்லர் வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்க நம் பெண்கள் பலர் நினைக்கிறார்கள். வாடிக்கைக்காரர்கள் கூட வருவார்களா என்பதுதான் அவர்கள் பயம். நீங்கள் அனுபவப்பட்டவர், எழுதுங்களேன்" என்றார். எனக்கு நூலும் கத்தரியும் பிடித்துப் பழக்கமே தவிர, பேனா பிடித்துப் பழக்கமில்லை. பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 தை மாதம், செம்பூரில் ஒரு தரைத்தள வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்துத் தொழிலை ஆரம்பித்தேன். 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்று அம்மா பால் காய்ச்சினாள். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு கட்டில், மெழுகு சூடாக்கும் ஹீட்டர். இதுதான் என் கடை. முன்பணத்துக்கு என் இரண்டு வளையல்கள் அடகுக்குப் போயிருந்தன. மகள் அப்போது பத்தாவது. முதல் 9 நாட்களில் வந்தவர்கள் 3 பேர். அதில் ஒருவர் வீட்டுக்கார அம்மாள்!

மாட்டுங்காவில் நான் 14 ஆண்டுகள் வேலை பார்த்த பார்லரில், என் பெயரைச் சொல்லிக் கேட்டு வருகிறவர்களே நூறு பேருக்கு மேல். 'அவர்களெல்லாம் எங்கே போனார்கள்?' என்று காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பேன் கற்றுக்கொடுத்த தொழில்

நான் தாராவியில் பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். 90 அடிச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. பள்ளிப்படிப்புக்குப் பின் சில வருஷம் தையல் வேலை, கல்யாணம், குழந்தை. பிறகுதான் மாட்டுங்காவில் ஒரு குஜராத்தி அம்மாள் நடத்திய பார்லரில், துண்டு மடிக்கவும் தரை கூட்டவும் சேர்ந்தேன். அவரை எல்லாரும் 'பேன்' என்றே கூப்பிடுவார்கள். குஜராத்தியில் சகோதரி என்று அர்த்தம். "பேன் ரொம்ப நல்லவங்க" என்று நான் முதல் நாள் வீட்டில் சொல்ல, "பார்லர்ல பேன் இருந்தா நல்லதாடி?" என்று பாட்டி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

நூலை எப்படிப் பல்லில் கடித்து, எப்படி முறுக்க வேண்டும் என்று பேன்தான் என் கைபிடித்துக் காட்டினார். என் காலில் உள்ள முடியில் நானே ஒரு மாதம் பழகிய பிறகுதான் அடுத்தவர் புருவத்தைத் தொடவிட்டார். கல்யாணப் பெண்ணுக்குப் பூ ஜடை தைக்க, மாட்டுங்கா மார்க்கெட்டில் பூக்கட்டும் நம் ஊர்ப் பெண்களிடம் கற்றுக்கொண்டேன். சவுரி வைத்து, வாழைநாரில் மல்லிகை தைத்து, ராக்கொடி செருகி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அந்த ஜடைக்காகவே முகூர்த்த நாட்களில் அதிகாலை நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டவர்கள் பலர்.

அந்த இரண்டு நோட்டுப் புத்தகங்கள்

தனியாகப் போவது என்று முடிவானதும், என் சித்தி மகன் ஒரு யோசனை சொன்னான். "அக்கா, கடை ரிஜிஸ்தர்ல எல்லார் நம்பரும் இருக்குல்ல? ராத்திரி ஒரு பத்து நிமிஷம் போதும், போன்ல படம் எடுத்துட்டு வந்துரு."

பேனின் மேஜையில் நீளமான இரண்டு நோட்டுகள் இருக்கும். பெயர், போன் நம்பர், வந்த தேதி. அதில் பாதிக்கு மேல் என் கையெழுத்துதான். ஒரு நாள் கடை அடைக்கும் நேரத்தில் நோட்டைத் திறந்துவிட்டேன். உண்மையைச் சொல்வதில் வெட்கமில்லை. போன் கையில் இருந்தது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று அம்மா அடிக்கடி சொல்வது நினைவுக்கு வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

என்னிடம் வரும் ஒரு மாமியின் கணவர் வக்கீல். அவர் பிறகு விளக்கினார். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவின்படி, ஒருவரை நியாயமான தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. கடையையே நல்ல பெயரோடு விற்றவர் விஷயம் வேறு. கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கில், ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளும் கட்டுப்பாடு செல்லாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, பக்கத்துத் தெருவில்கூட நான் கடை போடலாம். ஆனால் அதே 2006-இல், டில்லியில் ஒரு வக்கீல் அலுவலகத்தை விட்டுப் பிரிந்தவர்கள் கட்சிக்காரர் பட்டியலை நகலெடுத்துச் சென்ற வழக்கில், அதைப் பயன்படுத்த உயர்நீதிமன்றம் தடை போட்டது. "கைத்தொழில் உன்னுடையது, ரிஜிஸ்தர் கடைக்காரருடையது" என்று சுருக்கமாகச் சொன்னார் மாமா.

நான் முதலில் பேனிடம்தான் சொன்னேன். ஒரு மாதம் முன்னதாகவே. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "கற்றுக்கொடுப்பது என் தப்பு" என்றார். அதற்குமேல் பேசவில்லை. அந்த ஒரு மாதமும் எனக்கு முள்மேல் இருப்பதுபோல்தான் இருந்தது.

முடி வளரும் கணக்கு

இந்தத் தொழிலில் காலண்டரை எழுதுவது முடிதான். புருவம் மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி நூல் கேட்கும். தலைமுடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும்; சாயம் போட்டவருக்கு ஐந்தாறு வாரத்தில் வகிட்டில் வெள்ளை தெரியும். அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரியாவிட்டால், வேறொரு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு தடவை அங்கே உட்கார்ந்துவிட்டால், பிறகு திரும்பி வரக் கூச்சப்படுவார்கள். கோபம் எதுவும் இல்லை, வெறும் கூச்சம்தான். ஆகவே முதல் ஆறு வாரம்தான் உயிர்நாடி.

பேனின் கடைக்குள் நின்றுகொண்டு யாருக்கும் என் விலாசம் கொடுக்கவில்லை. முகூர்த்த நாளுக்காக எனக்கே நேரில் நம்பர் கொடுத்தவர்கள் சிலர் என் போனில் இருந்தார்கள். வேலையை விட்ட மறுநாள் அவர்களுக்கு மட்டும் ஒரு வரி அனுப்பினேன்: இன்ன இடத்தில் இருக்கிறேன், இன்ன நேரம். அவ்வளவுதான். அவர்கள் மூலம் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

பதற்றத்தில் ஒரு தப்பும் செய்தேன். 'பாதி விலை' என்று அட்டை எழுதி வாசலில் மாட்டினேன். கூட்டம் வந்தது, பாதி விலை முடிந்ததும் கூட்டமும் போனது. பழைய மாமி ஒருவர், "அப்போ இத்தனை நாள் என்கிட்ட டபுளா வாங்கினியாடி?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அட்டையைக் கழற்றி, மாட்டுங்காவில் இருந்த அதே விலையை வைத்தேன். சின்ன அறைக்கு ஒரு சௌகரியம் உண்டு: வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பெரிய கடைகள் வசூலித்த 18 சதவீத வரியும், 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. இனி வரியைச் சொல்லி மலிவு காட்ட முடியாது, வேலையைத்தான் காட்ட வேண்டும்.

அடுத்தது தூரம். மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வர, கிங் சர்க்கிளில் ஏறி வடாலா ரோட்டில் வண்டி மாற வேண்டும். முழங்கால் வலியுள்ள மாமிகள் புருவத்துக்காக அந்தப் படி ஏறி இறங்குவார்களா? ஆகவே செவ்வாயும் வியாழனும் காலையில் நானே பையை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா வீடுகளுக்குப் போக ஆரம்பித்தேன். இன்றும் போகிறேன்.

அறையும் கதவும்

நாற்காலியைவிடக் கதவுதான் முக்கியம் என்பது வந்தவர்கள் சொல்லாமல் சொன்ன பாடம். வாசலில் வீட்டுக்காரரின் தம்பி பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பாவம், தலை நிமிரமாட்டார். ஆனாலும் இரண்டு பெண்கள் வாசல்வரை வந்து திரும்பிவிட்டார்கள். வீட்டுக்கார அம்மாளிடம் சொல்லி, அவர் நாற்காலியைப் பின்கட்டுக்கு மாற்றினோம். உள்தாழ்ப்பாள், திரைச்சீலை, சுத்தமான கழிவறை. ஹவுசிங் சொசைட்டியிடம் எழுத்தில் சம்மதமும் வாங்கிக்கொண்டேன்.

பிறகு சொந்தமாக ஒரு நோட்டுப் போட்டேன். அதில் போன் நம்பரைவிட உடம்பு விவரம்தான் அதிகம். யாருக்குச் சர்க்கரை, யார் கால் நகத்தை ஆழமாக வெட்டக்கூடாது, யாருக்கு எந்தச் சாயம் ஆகாது. கறுப்புச் சாயங்கள் பலவற்றில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு ஒவ்வாது, முகமே வீங்கிவிடும். காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே தலையில் போட வேண்டும்.

ஒரு நாள் கல்லூரிப் பெண் ஒருத்தி மேலுதட்டில் வேக்ஸ் செய்ய வந்தாள். பருவுக்குக் களிம்பு போடுகிறாயா என்று கேட்டேன். ட்ரெட்டினாயின் என்றாள். அது தோலை மெலிதாக்கும். மெழுகை இழுத்தால் தோலும் சேர்ந்து உரியும். "இன்னிக்கு வேண்டாம்மா, டாக்டரைக் கேட்டுட்டு வா" என்று அனுப்பிவிட்டேன். அன்றைய வரவு பூஜ்யம். அடுத்த வாரம் அவள் தன் அம்மாவையும் சித்தியையும் அழைத்து வந்தாள்.

கதவு அடைத்த காலம்

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மூன்று மாதம் வருமானமே இல்லை. நோட்டைத் திறந்து தினம் நாலு பேருக்குப் போன் செய்து, "சௌக்கியமா?" என்று மட்டும் கேட்டேன். சீப்பால் புருவத்தைச் சீவி, நீண்டதை மட்டும் வெட்டிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன். ஜூன் 28 முதல் மகாராஷ்டிர அரசு முடிவெட்டுதல், சாயம், வேக்ஸிங், த்ரெட்டிங் மட்டும் அனுமதித்தது. கூட்டமான கடைக்குப் போகப் பயந்தவர்களுக்கு, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே வரும் என் சின்ன அறை தைரியம் கொடுத்தது. அடகு வளையல்கள் அந்தத் தீபாவளிக்குப் பிறகுதான் திரும்பி வந்தன.

போனில் பதிவு செய்தால் வீட்டுக்கே வந்து செய்யும் கம்பெனிகளும் பெருகிவிட்டன. அதில் சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே வேலை உண்டு என்பது உண்மை. ஆனால் 2021 அக்டோபரில், குருகிராமில் அர்பன் கம்பெனியின் அழகுக்கலைப் பெண்கள் கமிஷனையும் மதிப்பெண் முறையையும் எதிர்த்துத் தெருவுக்கு வந்ததைப் படித்திருப்பீர்கள். அங்கே வாடிக்கைக்காரர் கம்பெனியுடையவர். 1970-களில் டில்லியில் தம் வீட்டு வராந்தாவில் ஆரம்பித்த ஷஹ்னாஸ் ஹுசேனின் பெயர் பிற்பாடு உலகம் முழுக்கத் தெரிந்தது. நமக்கு உலகம் வேண்டாம். நம்மைப் பெயர் சொல்லிக் கேட்கும் நாலு பேர் போதும்.

மிச்சக் கணக்கு

முதல் வருஷ முடிவில் எண்ணிப் பார்த்தேன். நூற்றுச் சொச்சம் பேரில் கூட வந்தவர்கள் 38 பேர். மற்றவர்கள் பேனின் கடையிலேயே தங்கிவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கடையும் ஓட வேண்டுமே! இன்று என் நோட்டில் இருப்பவர்களில் பாதிப் பேர் அந்த 38 பேர் அனுப்பி வைத்தவர்கள்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் பேன் வீட்டுக்கு ஸ்வீட் பெட்டியோடு போவேன். வாங்கிக்கொள்வார், உட்காரச் சொல்லமாட்டார். போன வருஷம் ஒரு நாள் அவரே போன் செய்தார். எடுத்த எடுப்பில், "தெலாங் ரோடு மாமிக்கு எந்தச் சாயம் போடுவாய்? போன தடவை காதெல்லாம் சிவந்துவிட்டது" என்றார். கம்பெனி, நம்பர் எல்லாம் சொன்னேன். எதற்கும் 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போடுங்கள் என்றும் சொன்னேன். "ம்" என்று வைத்துவிட்டார்.

அந்த மாமி கூடவே வந்திருந்தால் மாதம் ஒரு வரவு எனக்கு. இருந்தாலும், அவர் காது சிவக்காமல் இருக்க வேண்டும் அல்லவா?