பக்கத்து ஷெட்டில் என்ன நடக்குது? போதைப்பொருள் தயாரிப்புக் கூடங்களை அடையாளம் காண்பது எப்படி?

சும்மா கிடக்கிற உங்கள் ஷெட்டை ஒருவர் வாடகைக்குக் கேட்டு வருகிறார். நீங்கள் சொன்னதைவிட அதிகமாகவே தருகிறேன் என்கிறார். அட்வான்ஸை மொத்தமாக ரொக்கமாகவே நீட்டுகிறார். "அக்ரிமென்ட் எல்லாம் எதுக்கு சார், நம்பிக்கைதானே முக்கியம்?" என்கிறார். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் வீடும் குடோனும் வாடகைக்கு விடுவது பலருக்கும் பிழைப்பு. நல்ல பார்ட்டி கிடைச்சாச்சுன்னு சாவியைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கோ நடப்பது அல்ல

2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத் தலைநகர் போபால் அருகே பக்ரோடா தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை மத்திய போதைப்பொருள் தடுப்புப் பிரிவும் (என்.சி.பி.) குஜராத் பயங்கரவாதத் தடுப்புப் படையும் சோதனையிட்டன. 907 கிலோ மெபெட்ரோன் சிக்கியது. அதன் மதிப்பு சுமார் 1,814 கோடி ரூபாய். அந்த ஷெட் வாடகைக்கு எடுக்கப்பட்டது. சுற்றிலும் மற்ற தொழிற்கூடங்கள் வழக்கம்போல் இயங்கிக்கொண்டுதான் இருந்தன.

அதே மாதம் சென்னை கொடுங்கையூரில், ஒரு வீட்டிலேயே மெத்தாம்பெட்டமைன் தயாரிக்க முயன்றதாகக் கல்லூரி மாணவர்கள் உட்பட 7 பேர் கைது செய்யப்பட்டனர்.

ஒன்று தொழிற்பேட்டை, இன்னொன்று குடியிருப்பு. நம் பகுதியில் இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. டிரம்களை ஏற்றி வண்டி வருவதும் ராத்திரி ஷிப்ட் ஓடுவதும் இங்கே சகஜம். மறைந்து வேலை செய்ய நினைப்பவர்களுக்கு இதுவே வசதி.

எதைக் கவனிக்க வேண்டும்?

• நெயில் பாலிஷ் ரிமூவர், அமோனியா அல்லது பூனை மூத்திரம் போன்ற நெடி அடிக்கடி வருவது, குறிப்பாக நள்ளிரவில்.
• ஜன்னல்களைக் கறுப்புத் தாள், தார்ப்பாய் கொண்டு முழுவதும் மூடிவிட்டு, எக்ஸாஸ்ட் ஃபேன்களை மட்டும் இரவும் பகலும் ஓட்டுவது.
• பெயர்ப்பலகை இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, என்ன தொழில் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.
• லேபிள் கிழித்த கேன்கள், கறை படிந்த கண்ணாடிக் குடுவைகள், ரப்பர் குழாய்கள், கையுறைகள், முகமூடிகள் குப்பையில் கிடப்பது. அல்லது குப்பையே வெளியே வராமல் உள்ளேயே எரிக்கப்படுவது.
• கழிவுநீர் விழும் இடத்தில் புல் கருகுவது, மண் நிறம் மாறுவது.
• வீட்டு ஓனரையோ மீட்டர் ரீடிங் எடுக்க வருபவரையோ உள்ளே விட மறுப்பது.

இதில் ஏதோ ஒன்று மட்டும் இருந்தால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள். பெயின்ட் ஷாப்பிலும் தின்னர் நெடி வரும். மூன்று நான்கு அறிகுறிகள் சேர்ந்து, தொடர்ந்து தெரிந்தால் தகவல் சொல்லுங்கள்.

இன்னொன்று முக்கியம்: ஒருவர் பேசும் மொழியோ, வந்த மாநிலமோ அறிகுறி ஆகாது. "வடக்கத்தி பசங்க தங்கியிருக்காங்க, சந்தேகமா இருக்கு" என்பது தகவல் அல்ல. அந்தக் கட்டடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் தகவல்.

ஆபத்து யாருக்கு?

முதல் ஆபத்து அக்கம்பக்கத்தினருக்கு. எளிதில் தீப்பற்றும் கரைப்பான்களை மூடிய அறையில் சூடாக்குகிறார்கள். ஒரு சிறு பொறி போதும், தீ பக்கத்து அறைகளுக்கும் பரவும். அங்கிருந்து வரும் நச்சுப்புகை கண்ணையும் நுரையீரலையும் தாக்கும். குழந்தைகளுக்குப் பாதிப்பு இன்னும் அதிகம்.

அடுத்த ஆபத்து கழிவு. ஒரு கிலோ மெத்தாம்பெட்டமைன் தயாரித்தால் 5 முதல் 6 கிலோ வரை நச்சுக்கழிவு மிஞ்சும் என்பது பொதுவான கணக்கு. அது கால்வாயிலோ காலி மனையிலோ கொட்டப்படும். அந்தக் குப்பையில் முதலில் கை வைப்பவர் நம் தூய்மைப் பணியாளர். மழை வந்தால் அது ஏரிக்குப் போகும். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஏரிகளின் உபரி நீர், சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது.

கூடம் மூடப்பட்ட பிறகும் நச்சு சுவரிலும் தரையிலும் படிந்திருக்கும். வெறும் வெள்ளையடித்துவிட்டு அடுத்தவருக்கு வாடகைக்கு விடக்கூடாது.

என்ன செய்யலாம்?

• 10581: தமிழ்நாடு காவல்துறையின் கட்டணமில்லா எண். வாட்ஸ்அப்பில் தகவல் அனுப்ப 94984 10581.
• 1933: மத்திய அரசின் 'மானஸ்' உதவி எண்.
• தீ, வெடிப்பு, மயக்கம் என்றால் உடனே 112. 'காவல் உதவி' செயலியில் உள்ள சிவப்புப் பொத்தானையும் அழுத்தலாம்.

இடம், அடையாளம், நேரம், வண்டி எண், நீங்கள் கண்ணால் பார்த்தது ஆகியவற்றைச் சொன்னாலே போதும். "நம்ம பேரு வெளிய வந்துட்டா?" என்ற பயம் இயல்புதான். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் (1985) பிரிவு 68-ன்படி, தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது.

என்ன செய்யக்கூடாது?

உள்ளே நுழையாதீர்கள். கிட்டே போய் செல்ஃபோனில் படம் எடுக்காதீர்கள். கேனைத் திறந்து முகராதீர்கள். தற்செயலாக உள்ளே போய்விட்டால் லைட் ஸ்விட்சைத் தொடாதீர்கள். ஆவி நிறைந்த அறையில் அந்தப் பொறியே போதும். வந்த வழியே வெளியேறி, கை முகத்தை நன்றாகக் கழுவுங்கள். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஆட்கள் உஷாராகிவிடுவார்கள். சந்தேகம் தவறாக இருந்தால் ஒரு நிரபராதியின் பிழைப்பு கெடும்.

வீட்டு, ஷெட் உரிமையாளர்களுக்கு

தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும், இதே சட்டத்தின் பிரிவு 25-ன்படி, குற்றம் செய்தவருக்கான தண்டனையே. மெத்தாம்பெட்டமைன், மெபெட்ரோன் இரண்டுக்கும் 50 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு. அதற்குத் தண்டனை 10 முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல், கூடவே அபராதம்.

அதனால் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவும் செய்ய வேண்டும். இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டை நகல் வாங்குங்கள். வாடகையை வங்கி வழியாகப் பெறுங்கள். முன்கூட்டிச் சொல்லிவிட்டு இடத்தைப் பார்வையிடும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் இதற்கெல்லாம் தயங்கமாட்டார். தயங்கினால், சாவி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.