பள்ளிகளில் பாலியல் கல்வி: தயக்கமும் தேவையும்

வளரிளம் பருவத்தினருக்கு உடல் வளர்ச்சி, இனப்பெருக்கம், தற்காப்பு ஆகியவை குறித்துப் பள்ளியில் கற்பிக்கும் கருத்து நம் நாட்டிற்குப் புதியதன்று. 1980-இல் தொடங்கப்பெற்ற தேசிய மக்கள்தொகைக் கல்வித் திட்டத்திலேயே இதற்கு வித்திடப்பட்டது. 2005-இல் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமும் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை நாடு தழுவிய அளவில் கொண்டுவந்தன.

எதிர்ப்பு விரைவிலேயே எழுந்தது. 2007-இல் மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் இதனை நிறுத்தி வைத்தன. விளக்கப் படங்கள் வரம்பு மீறியவை, நம் பண்பாட்டிற்கு ஒவ்வாதவை, மாணவரிடையே தகாத ஆர்வத்தைத் தூண்டுபவை என்பன முக்கிய வாதங்கள். பள்ளிகளில் பாலியல் கல்வி வேண்டியதில்லை என்று 2009-இல் மாநிலங்களவை மனுக்கள் குழுவும் பரிந்துரைத்தது. எய்ட்ஸ் போன்ற நோய்கள் பற்றிய பாடங்களை மேல்நிலை வகுப்பு உயிரியலில் சேர்த்தால் போதும் என்பது அக்குழுவின் கருத்து.

பெற்றோரின் கவலையைப் புறக்கணித்தல் முறையன்று. எனினும், திட்டம் நிறுத்தப்பட்ட அதே 2007-இல் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்ததில், 53.22 சதவீதத்தினர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். கொடுமை இழைத்தோரில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் இதனை எவரிடமும் கூறவில்லை.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இக்குற்றங்களுக்குக் கடும் தண்டனை விதிக்கிறது. ஆயினும், நேர்ந்தது தவறு என்று உணரவும் அதனைச் சொல்லவும் குழந்தைக்குத் தெரிந்தால்தான் சட்டம் துணைக்கு வர இயலும். மேல்நிலை வகுப்பு வரை காத்திருப்பதும் பயன் தராது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 23.3 சதவீதத்தினர் 18 வயதிற்கு முன்னரே மணம் முடிக்கப்பட்டவர்கள். படிப்பை இடையில் கைவிடும் ஏழைப் பெண்களை மேல்நிலைப் பாடம் எட்டாது.

எதிர்ப்பைத் தணிக்க வழி இல்லாமலில்லை. ஜார்க்கண்டில் 2006-இல் ‘உடான்’ என்னும் பெயரில் தொடங்கிய திட்டம், வாழ்க்கைத் திறன்களுடன் இணைத்து அரசுப் பள்ளிகளில் இக்கல்வியை அளித்தது. 2020-இல் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலவாழ்வுத் திட்டமும் 11 தலைப்புகளில் இதனை உள்ளடக்கியுள்ளது. பள்ளிக்கு இரு ஆசிரியர்கள், இயன்றவரை ஓர் ஆணும் ஒரு பெண்ணும், இதற்கெனப் பயிற்சி பெறுகின்றனர்.

ஆசிரியரே கூச்சத்தால் பாடத்தைத் தாண்டிச் சென்றால் திட்டம் ஏட்டளவில் நின்றுவிடும். ஆகவே வயதிற்கேற்ற பாடம், ஆசிரியர் பயிற்சி, பாடநூலைப் பெற்றோருக்கு முன்கூட்டியே காட்டி விளக்கும் கூட்டம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைதல் இன்றியமையாதது. பெற்றோரின் நம்பிக்கையைப் பெறும் பொறுப்பு ஒவ்வொரு பள்ளி நிர்வாகத்தையும் சார்ந்ததாகும்.